சிராங்கூன் சாலையின் குவோங் வை ஷியு மருத்துவமனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தால் முதலில் வீரமாகாளியம்மன் கோயில் வரும், பிறகு சீனிவாசப் பெருமாள் கோயில், அப்புறம் வடபத்திர காளியம்மன் கோயில். அதையும் தாண்டிப் போனால் 705ஆம் எண்ணில், சீன எழுத்துகள் பொறித்த பெரிய வளாகம் ஒன்று. ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கோயில் பார்க்க அழைத்துப்போகும் ஒவ்வொரு தடவையும் அந்த வாசலில் யாராவது நின்றுவிடுவார்கள். ஒரு கேள்வி பத்துக் கேள்வியாகும். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இது மருத்துவமனையா, முதியோர் இல்லமா?

பெயரில் மருத்துவமனை. இன்று உள்ளே நடப்பது பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு. சிங்கப்பூர்த் தமிழில் நாங்கள் 'தாதிமை இல்லம்' என்று சொல்வது இதைத்தான்: படுக்கையிலிருந்து தானாக எழ முடியாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தப்பியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கும் இடம். கூடவே சீன மருத்துவ வெளிநோயாளர் பிரிவும் இருக்கிறது.

ஆனால் இதன் சீனப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் முதலிலிருந்தே இருந்தது போலத் தோன்றும். அதன் கடைசிப் பகுதிக்கு 'தங்கி மருத்துவம் பெறும் மனை' என்று பொருள். வந்தோம், மருந்து வாங்கினோம், போனோம் என்கிற இடம் அல்ல. தங்குவது பெயரிலேயே இருக்கிறது.

குவோங், வை, ஷியு என்றால் என்ன?

மூன்றும் ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துகள். தென்சீனாவில் குவாங்டோங் மாநிலத்தின் மூன்று பழைய நிர்வாக வட்டாரங்கள்: குவாங்சோ, ஹுய்சோ, சாவோச்சிங். தென்சீனப் பேச்சுமொழியான கான்டனீஸின் உச்சரிப்பில் அவை குவோங் சாவ், வை சாவ், ஷியு ஹிங். மதுரை, நெல்லை, குமரி மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்து 'ம-நெ-கு மருத்துவமனை' என்று பெயர் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் மற்ற ஊர்க்காரர்களைச் சேர்க்கமாட்டார்களா?

தொடக்கத்தில் அந்த மூன்று வட்டாரத்தாருக்காகத்தான். கேட்பவர்கள் உடனே முகம் சுளிப்பார்கள். நான் கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் இதே சிங்கப்பூரில் ஊர்ப் பெயரில் வைத்திருக்கும் சங்கங்களை நினைவூட்டுவேன். கடல் தாண்டி வந்தவனுக்கு 'சீனன்' என்பதோ 'இந்தியன்' என்பதோ அரசாங்கம் வைத்த பெயர். கப்பலில் வந்தபோது அவன் ஊர்க்காரனை நம்பித்தான் வந்தான். இன்னொரு சீனப் பேச்சுமொழியான ஹொக்கியன் பேசுகிறவனுக்குக் கான்டனீஸ் புரியாது, தமிழும் தெலுங்கும் போலத்தான். கோயில், சங்கம், பள்ளி, இடுகாடு எல்லாமே பேச்சுமொழிவாரியாகப் பிரிந்து கிடந்த காலம் அது. மருத்துவமனை மட்டும் எப்படிப் பொதுவாக இருக்கும்?

1910இல் இது தொடங்குவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

இன்னொரு மருத்துவமனை! டான் டோக் செங் மருத்துவமனை. இன்று சிங்கப்பூரின் பெரிய பொது மருத்துவமனைகளில் ஒன்று. மலாக்காவில் பிறந்த ஹொக்கியன் வணிகர் டான் டோக் செங் கொடுத்த பணத்தில் 1844இல் பெர்ல்ஸ் ஹில் குன்றில் ஏழைகளுக்காகத் தொடங்கியது. 1860களின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதி தாழ்ந்த ஈர நிலம், நகரத்துக்கு வெளியே. அநாதைப் பிணியாளரை ஊர் எங்கே வைக்கும்? ஊர் எல்லையில்தான்.

1909இல் டான் டோக் செங் மருத்துவமனை மோல்மீன் சாலைக்கு இடம் மாறியது. காலியான இடத்தைக் கான்டனீஸ் வணிகர்கள் கேட்டார்கள். காலனி அரசு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1910இல் குவோங் வை ஷியு இலவச மருத்துவமனை பிறந்தது. ஆக, அந்த மண்ணில் 160 ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளிக் கட்டில்கள் இருந்துவருகின்றன.

யார் தொடங்கியது?

கான்டனீஸ் வணிகர்கள் பலர் கூடி. அவர்களில் நம் கவனத்துக்குரியவர் வோங் ஆ ஃபூக். 1837இல் தைஷான் பக்கம் பிறந்து, இளம் வயதில் தச்சு வேலைக்காரராகக் கப்பலேறி வந்தவர். ஜோகூர் சுல்தானின் அரண்மனையைக் கட்டும் அளவுக்குப் பெரிய கட்டுமான ஒப்பந்தக்காரரானார். ஜோகூர் பாருவுக்குப் போனவர்கள் அவர் பெயரிலுள்ள பெரிய சாலையில் நடந்திருப்பீர்கள். 1903இல் சிங்கப்பூரின் முதல் சீன வங்கியான குவோங் யிக் வங்கியைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அந்த வங்கி 1913இல் கவிழ்ந்துபோனது. மருத்துவமனை நின்றது. பணம் பண்ணத் தொடங்கியது பத்து ஆண்டு, தானத்துக்குத் தொடங்கியது நூறு ஆண்டு தாண்டியும் ஓடுகிறது. வோங் ஆ ஃபூக் 1918இல் காலமானார்.

அரசு மருத்துவமனை இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?

இதுதான் நல்ல கேள்வி. மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குள்தான் போய் முடிகின்றன.

முதல் காரணம், மருந்து. நாடி பார்த்து மூலிகைக் கஷாயம் கொடுக்கும் வைத்தியரைத்தான் அவர்கள் நம்பினார்கள். வெள்ளைக்கார மருத்துவமனைக்குப் போனால் கத்தி வைப்பார்கள், செத்தால் உடலை அறுப்பார்கள் என்ற பயம். முழு உடலோடு முன்னோரிடம் போய்ச் சேர வேண்டும் என்று நம்பிய மக்களுக்கு அது சாவைவிடப் பெரிய பயம். ஹாங்காங்கில் 1872இல் திறந்த துங் வா மருத்துவமனையும் இந்தப் பயத்திலிருந்து எழுந்ததுதான். அதற்கு முன் அங்கே கோயில் ஒன்றில் சாகக் கிடப்பவர்களையும் செத்தவர்களையும் ஒரே கூரையின் கீழ் போட்டு வைத்திருந்தது வெளியே தெரிந்து பெரிய அவமானமாகியிருந்தது. சிங்கப்பூரிலேயே 1867 முதல் தொங் சாய் மருத்துவ நிலையம் இலவசமாகச் சீன மருத்துவம் பார்த்துவந்தது. ஆனால் மருந்து வாங்கிக்கொண்டு போய்ப் படுக்க ஒரு வீடு வேண்டுமே?

இரண்டாவது காரணம், பேச்சு. வலிக்கிறது என்பதற்கு எந்த மொழியிலும் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் 'இங்கே சுருக்கென்று குத்துகிறது, அங்கே மந்தமாக இழுக்கிறது, நேற்று இரவு முழுக்க எரிந்தது' என்பதை இன்னொருவன் மொழியில் சொல்ல முடியாது. உடம்பு சரியில்லாதபோது மனிதன் தன் தாய்மொழிக்குத்தான் திரும்புகிறான். குவோங் வை ஷியு கொடுத்தவற்றில் மூலிகையைவிடப் பெரியது இது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கஞ்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள்?

தனி ஆட்கள். கான்டனீஸ்காரர்கள் தச்சர்களாக, பொற்கொல்லர்களாக, தையல்காரர்களாக, கட்டட வேலைக்காரர்களாக வந்தவர்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, நிலம் வாங்கி, பேரன் பேத்தி பார்த்துச் சாக வேண்டும் என்று வந்தவர்கள். தெருவோரம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடிதக்காரரிடம் 'நலம், நலமறிய அவா' என்று எழுதச் சொல்லி, உள்ளே பணம் வைத்து அனுப்புவார்கள். திரும்பியவர்களும் உண்டு. திரும்பாதவர்கள் வயதானபோது அவர்களுக்கு இங்கே குடும்பம் இல்லை, அங்கே அவர்களை அடையாளம் தெரிந்தவர்கள் இல்லை.

பெண்கள் இல்லையா?

இருந்தார்கள், இந்தக் கதையின் சுவையான பகுதி அவர்கள்தான்.

1933இல் காலனி அரசு அந்நியர் சட்டம் கொண்டுவந்து சீன ஆண்கள் வருவதற்கு எண்ணிக்கை வரம்பு வைத்தது. பெண்களுக்கு 1938 வரை வரம்பு இல்லை. கப்பல்களில் பெண்கள் கூட்டம் ஏறியது. சான்ஷுய் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சம்சுய் பெண்கள். தலையில் விறைப்பான சிவப்புத் துணி மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கழி போட்டு மண்ணும் செங்கல்லும் சுமந்தவர்கள். சிங்கப்பூரின் பழைய கட்டடங்களில் பாதி அவர்கள் தோளில் ஏறி வந்தவை என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை.

இன்னொரு கூட்டம் ஷுன்டேக்கிலிருந்து வந்த மாஜேக்கள், பணக்கார வீடுகளில் ஆயாக்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் நீண்ட ஒற்றைப் பின்னல் அல்லது கொண்டை. அவர்களில் பலர் திருமணம் செய்துகொள்வதில்லை என்று சபதம் எடுத்தவர்கள். அதற்கு ஒரு சடங்கே உண்டு: தெய்வத்தின் முன்னால் தலையை வாரிக் கொண்டையாகக் கட்டிக்கொள்வது. மணப்பெண்ணுக்குச் செய்வதைத் தனக்குத்தானே செய்துகொள்வது. பட்டுத் தொழிலில் சொந்தமாகச் சம்பாதித்துப் பழகிய ஊர்ப் பெண்கள், மாமியார் வீட்டு அடிமைத்தனம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

முப்பது நாற்பது ஆண்டு இன்னொருவர் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார்கள். முதுமை வந்தபோது சிலரை வளர்த்த பிள்ளைகள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் சேமித்த பணத்தைக் கொடுத்து, சைவ உணவு மட்டும் உண்ணும் சீன மடங்களில் இடம் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நம்பியது ஊர்ப் பெயர் தாங்கிய இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

சாகோ லேன் என்று ஒரு 'சாவுத் தெரு' இருந்ததாமே?

இருந்தது. சைனாடவுனில். கான்டனீஸ்காரர்கள் அதைச் 'செத்தவர் தெரு' என்றே அழைத்தார்கள். கடைவீடுகளின் மாடியைத் தடுப்புத் தடுப்பாகப் பிரித்து, ஒரு தடுப்பில் ஒரு குடும்பமோ நாலைந்து கூலியாட்களோ வாழ்ந்த காலம். அங்கே ஒருவர் இறந்தால் வீட்டுக்குத் தரித்திரம் என்று வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் சாகும் தறுவாயில் இருப்பவரைச் சாகோ லேனில் இருந்த சாவு வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள். ஒரே இடத்தில் மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர், கீழே ஈமச்சடங்கு. பக்கத்துக் கடைகளில் காகிதத்தில் செய்த வீடும் காரும், மறு உலகத்துக்கு அனுப்ப. 1961இல் அரசு சாவு வீடுகளைத் தடை செய்தது.

சாகோ லேனைப் பார்த்தால்தான் குவோங் வை ஷியுவின் பெருமை புரியும். அங்கே சாவதற்கு ஒரு பலகை. இங்கே பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் ஒரு கட்டில், வேளைக்குச் சோறு, பெயர் தெரிந்து கூப்பிடுகிற ஒருவர்.

இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள்?

இதே மூன்று வட்டாரத்தாருக்கு 1870 முதல் சொந்த இடுகாடு இருந்தது: குவோங் வை சியு பெக் சான் தெங். 'பெக் சான்' என்றால் பச்சை மலை. மாண்டரின் மொழியில் அதுவே 'பீஷான்'. ஆமாம், இன்று எம்ஆர்டி ரயில் நிலையமும் கடைத்தொகுதியும் இருக்கும் அதே பீஷான்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்த இடத்தை 1970களின் கடைசியில் அரசு எடுத்துக்கொண்டு புதுநகர் கட்டியது. எட்டு ஏக்கர் மட்டும் சங்கத்திடம் மிஞ்சியது. அங்கே அஸ்திப் பேழைகளை வைக்கும் மாடம் இருக்கிறது. படுக்கைக்கும் குழிக்கும் ஒரே ஊர்ப் பெயர். ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள், ஊரையே இங்கே கட்டிவிட்டார்கள்.

எப்போது எல்லோருக்கும் திறந்தார்கள்?

1974இல். எந்த இனம், எந்தப் பேச்சுமொழி ஆனாலும் சரி என்றாயிற்று. அதற்குள் நாடு விடுதலை பெற்று ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. மூன்று வட்டாரத்தின் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்திவைப்பதற்கு அர்த்தம் குறைந்துகொண்டே வந்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. நல்லதுதான் செய்தார்கள்.

மருத்துவமனை எப்படி முதியோர் இல்லமாக மாறியது?

ஒரு நாள் பலகையை மாற்றி வைத்து நடந்ததல்ல. அரசு மருத்துவமனைகள் வளர வளர, அறுவைக்கும் காய்ச்சலுக்கும் மக்கள் அங்கே போனார்கள். ஒரு காலத்தில் இங்கே பிரசவப் பிரிவுகூட இருந்தது. 'நான் குவோங் வை ஷியுவில்தான் பிறந்தேன்' என்று சொல்லும் தாத்தா பாட்டிகளை இன்றும் சந்திக்கலாம். அந்தத் தேவையெல்லாம் ஒவ்வொன்றாகப் போனபின் மிஞ்சியவர் யார்? குணமாகவும் மாட்டார், போக வீடும் இல்லாதவர். என் பார்வையில், நோயாளிகள் கிழவர்களாகிவிட்டதால் மருத்துவமனை இல்லமாகிவிட்டது.

2010களில் பெரிய புதுக்கட்டுமானம் நடந்தது. 12 மாடிக் கட்டடம் எழுந்தது. ஏறத்தாழ 350 ஆக இருந்த படுக்கைகள் 600க்கு மேல் போயின. 2024 கணக்குப்படி சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர் அல்லது கடந்தவர். அதைப் பார்க்கும்போது 600 பெரிய எண்ணே இல்லை.

இப்போதும் இலவசமா?

பெயரில் 'இலவச' என்ற சொல் இருந்த காலம் போய்விட்டது. சிங்கப்பூரின் தாதிமை இல்லங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்து அரசு மானியம் கிடைக்கும். மீதியைக் குடும்பம் கட்டும். அறநிலையங்கள் பொது நன்கொடையும் திரட்டுகின்றன. பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் வழக்காட 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளையே இல்லாத மாஜே யார்மேல் வழக்குப் போடுவாள் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.

தாதியர்களுக்குக் கான்டனீஸ் தெரியுமா?

சிங்கப்பூரின் தாதிமை இல்லங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பங்கு மியன்மார், பிலிப்பீன்ஸ், இந்தியா, இலங்கை என்று வெளியிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்ச் சீன இளைஞர்களுக்கே கான்டனீஸ் தடுமாற்றம்தான். 1979இல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. முதியவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ரீடிஃபியூஷன் வானொலியின் கான்டனீஸ் கதைநேரம் 1982இல் நின்றது. கதைசொல்லி லீ டாய் சோவின் குரலோடு பாட்டிகளுக்கு ஒரு ஊரே போயிற்று.

எங்கள் அடுக்குமாடியில், அதே தளத்தில், ஆயாவாக வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பாட்டி இருந்தார். எல்லோரும் 'ஆ போ' என்போம். இடுப்பு எலும்பு முறிந்தபின் அவர் ஒரு தாதிமை இல்லத்துக்குப் போனார் (குவோங் வை ஷியு அல்ல, வேறொன்று). 2000களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தட்டில் ரொட்டியும் ஜாமும், கோப்பையில் மைலோ. ஆ போ வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாதி, "மூணு நாளா இப்படித்தான் அக்கா, என்ன வேணும்னு யாருக்கும் புரியலை" என்றாள்.

எனக்குத் தெரிந்த நாலு கான்டனீஸ் சொல்லில் ஒன்று 'ச்சுக்'. கஞ்சி. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "நம்ம கஞ்சியா?" நம்ம கஞ்சிதான். சீனர்களின் அந்த உணவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காஞ்சி' என்ற பெயர், தமிழ்க் கஞ்சி போர்த்துகீசியர் வாய்வழி போனது. சோற்றை மசிய வேகவைத்து, உப்பு முட்டையில் பாதியை உதிர்த்துப் போட்டுக் கொண்டுவந்தாள். ஆ போ ஒரு கரண்டி வாங்கினார். நாக்கில் வைத்து யோசித்தார். இஞ்சி போதாது என்று கையால் காட்டினார். நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டில் சமைத்த கை அல்லவா? அடுத்த தடவை போனபோது அந்தத் தாதி அவரிடம் "சிக் ச்சோ ஃபான் மேய் ஆ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். வலிக்கிறதா என்பதற்கு 'துங் ம் துங்' என்று சொல்ல வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள்.

தமிழர்கள் அங்கே சேரலாமா?

சேரலாம். சிங்கப்பூரில் தாதிமை இல்லத்துக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் மருத்துவமனையின் சமூகப்பணியாளர் வழியாகவோ ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாகவோ நடக்கும். இனம் கேட்டு இடம் கொடுப்பதில்லை. ஆனால் உங்கள் அம்மா சைவமா, பூண்டு சேர்ப்பாரா, எந்த மொழியில் திட்டுவார் என்பதையெல்லாம் சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கே மட்டுமல்ல, எந்த இல்லமானாலும்.

பழைய கட்டடங்களைப் பார்க்க உள்ளே போகலாமா?

பழையவற்றில் சிலவற்றை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்தே தெரியும். ஆனால் அது சுற்றுலாத் தலம் அல்ல, மனிதர்கள் உடை மாற்றிக்கொண்டும் மருந்து குடித்துக்கொண்டும் இருக்கும் வீடு. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

தெரிந்த சீன முதியவரைப் பார்க்கப் போனால் என்ன கொண்டுபோவது?

முதலில் தாதியிடம் கேளுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். சாப்பிடலாம் என்றால் ஆரஞ்சுப் பழம் நல்லது, இரட்டைப்படையில். நான்கு வேண்டாம், கான்டனீஸில் நாலும் சாவும் ஏறத்தாழ ஒரே ஒலி. பேரிக்காய் வேண்டாம், அதைப் பங்கிடுவது பிரிவது போல ஒலிக்கும். கடிகாரம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது ஈமக்கடனுக்கு நிற்பது போல ஒலிக்கும். நீங்கள் இரண்டு ஆரஞ்சு கொடுத்துக் கிளம்பும்போது அவர் இரண்டை உங்கள் பையில் திணிப்பார். அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், வாங்கிக்கொண்டு வாருங்கள்.